டாக்டர் படிப்பும் ஊரார் வீடும்

வெளிமாநிலம் ஒன்றில் குடியேறி வாழும் உங்கள் வீட்டு வாயிலில், ஒருநாள் காலை, வெள்ளை மேலங்கி அணிந்த இளைஞர் ஒருவரோ இளம்பெண் ஒருவரோ வந்து நிற்கக்கூடும். கையில் ஒரு பதிவேடு. தோளில் ஒரு பை. பையினுள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அப்பகுதியின் ஆஷா ஊழியரும் உடன் இருப்பார். "நான் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். உங்கள் குடும்பத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்" என்று வந்தவர் சற்றுக் கூச்சத்தோடு சொல்வார். அவரை உள்ளே அழைத்து அமரச் செய்வதா, வேலை இருக்கிறது என்று கூறி அனுப்பிவிடுவதா என்று நீங்கள் தயங்குவது இயல்பே. நேயர்களே, அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வருங்கால டாக்டரை உருவாக்கும் பணியில் ஊரில் வாழும் எளிய மக்களுக்குப் பங்கு என்ன, அந்தப் பங்குக்கு ஈடாக அவர்களுக்கு உரிமை என்ன என்பவையே என் பேச்சின் பொருள்.

அம்மாணவர் தம் விருப்பத்தால் மட்டும் வந்தவர் அல்லர். தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'குடும்பத் தத்தெடுப்பு' என்னும் பகுதியைச் சேர்த்தது. அதன்படி மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு தொட்டே மூன்று குடும்பங்களையேனும், இயன்றால் ஐந்து குடும்பங்களை, ஏற்றுக்கொண்டு அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும். முதற்கட்டப் படிப்பில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30 மணி நேரம், மூன்றாம் கட்டத்தில் 21 மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டன. கிராமங்களை மனத்திற்கொண்டே இத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும், மருத்துவக் கல்லூரிகள் கிராமத்தில் ஒன்றும் நகரத்தில் ஒன்றுமாகப் பயிற்சிச் சுகாதார நிலையங்களை வைத்து நடத்துவது வழக்கமாதலால், நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும்கூட மாணவர்களைக் காணலாம். ஆகவே டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழருக்கும் இது புறம்பான செய்தி அன்று.

'தத்தெடுப்பு' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிறிது நகைப்பே வந்தது. நம் வழக்கில் வீடுதான் பிள்ளையைத் தத்து எடுக்கும். பிள்ளை வீட்டைத் தத்து எடுப்பதில்லை. எழுபது வயதுப் பாட்டியும் நாற்பது வயதுத் தாயும் உள்ள குடும்பத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் தத்தெடுத்தார் என்றால், யார் யாரைச் சுவீகாரம் செய்துகொண்டது என்று கேட்கத் தோன்றுமன்றோ? விதர்ப்பப் பகுதியில் சமுதாய மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்தவன் நான். இந்தத் திட்டத்திற்கு முன்பே அங்கும் மாணவர்களைக் குடும்பங்களுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தது. ஒரு குடும்பம் மாணவரைத் தன் பிள்ளையாகச் சுவீகாரம் செய்துகொண்டபோதெல்லாம் படிப்பு உண்மையாகவே நடந்ததைக் கண்டேன். தாமே குடும்பத்தைத் தத்தெடுத்திருப்பதாக மாணவர் எண்ணிக்கொண்டிருந்த வீடுகளில் பதிவேடு மட்டும் நிரம்பிற்று.

இதன் காரணம் ஆராயத் தக்கது. இந்நாட்டில் மேனாட்டு மருத்துவக் கல்வி முறையாகத் தொடங்கியது 1835 இல். கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியும் சென்னையில் மருத்துவப் பள்ளியும் அவ்வாண்டிலேயே தோன்றின. அன்று தொட்டு மாணவரின் வகுப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் தம் வீட்டையும் தொழிலையும் உறவையும் வாயிலிலேயே விட்டுவிட்டு வருகிறார். அவர் படுத்திருக்கிறார், டாக்டர் நிற்கிறார். அவருக்குப் பெயர்கூட வழங்குவதில்லை. 'ஏழாம் நம்பர் கட்டில்' என்றே குறிப்பிடுவர். வீட்டிலோ நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மாணவர் வாயிலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். செருப்பை எங்கே கழற்றுவது, பாயில் அமர்வதா நாற்காலியில் அமர்வதா, கொடுக்கும் தேநீரைக் குடிப்பதா மறுப்பதா என்பனவெல்லாம் அவர் கற்க வேண்டிய பாடங்களாகின்றன. மருத்துவத்திற்கும் இவற்றிற்கும் தொடர்பு என்ன என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

நம் நாட்டுப் பெண்களைப் பெரிதும் வாட்டும் குறை இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு என்று கண்டது. கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் ஒன்றாக 180 நாள்களுக்குச் செந்நிற இரும்புச்சத்து மாத்திரைகளை அரசு இலவசமாக வழங்குகிறது. அவ்வாறு மாத்திரை வாங்கிச் சென்ற பெண் ஒருவர், பல வாரம் கழித்து இரத்தம் சிறிதும் ஏறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று சீட்டில் எழுதி, கண்டித்து அனுப்பினர். அக்குடும்பம் எங்கள் மாணவி ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட குடும்பம். அவர் வீட்டிற்குச் சென்றபோது, பரணில் ஒரு தகர டப்பாவில் மாத்திரைகள் அப்படியே இருக்கக் கண்டார். ஏன் என்று கேட்காமல், அந்தப் பெண்ணோடு ஒரு காலைப்பொழுது முழுவதும் இருந்து பார்த்தார். விடியுமுன் எழுந்து, சோள ரொட்டி தட்டிப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வைத்துவிட்டு, தாம் ஒரு குவளைத் தேநீர் மட்டும் பருகிப் பருத்திக் காட்டிற்குச் செல்பவர் அவர். மாத்திரையை அந்தத் தேநீரோடு விழுங்கியிருக்கிறார். வெறும் வயிற்றில் அது எரிச்சல் உண்டாக்கிற்று; தேநீரோ இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் இயல்புடையது. வயிற்றெரிச்சலோடு வெயிலில் பருத்தி பறிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். "இரவில் சாப்பிட்டபின் போட்டுக்கொள்ளலாமா?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு வினாதான் மருந்து. ஆஸ்பத்திரியில் எவரும் அவரை அவ்வினாவைக் கேட்க விடவில்லை.

அந்த மாணவி பிற்காலத்தில் எத்தனை பாடங்களை மறந்தாலும் அந்தப் பரணையும் தகர டப்பாவையும் மறந்திருக்க மாட்டார். பாடம் சொன்னவர் யார்? பருத்திக் காட்டுக் கூலிப் பெண்மணி. அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சம்பளம் தரவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மருத்துவ மாணவர் கல்லூரியில் சந்திக்கும் முதல் மனிதர் பேசுவதே இல்லை. உடற்கூறு மேசையின்மீது கிடக்கும் அவ்வுடலும் ஏதோ ஓர் ஊரில் வாழ்ந்த ஒருவருடையதே. தம் உடலைத் தாமே மனமுவந்து தானமாக எழுதி வைத்தவர்களும் பலர். இக்காலத்தில் பல கல்லூரிகளில் மாணவர்கள் முதல்நாள் அவ்வுடலின்முன் நின்று, மரியாதையோடு நடந்துகொள்வோம் என்று சபதம் எடுக்கின்றனர். மிக நல்ல வழக்கம். பேசாத ஆசிரியருக்குக் காட்டும் இம்மரியாதையைப் பேசும் ஆசிரியர்களுக்கும் காட்டினால் என்ன?

மக்களிடையே மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் நேற்றுப் பிறந்தது அன்று. வங்காளத்தில் சிங்கூரில் 1939 இலேயே கிராமச் சுகாதாரப் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்து 1946 இல் அறிக்கை அளித்த குழு, மக்கள் வாழும் சூழ்நிலையை அறிந்த 'சமுதாய மருத்துவர்' நாட்டிற்குத் தேவை என்றும், அதற்காக மாணவர்கள் மூன்று மாதம் நோய்த்தடுப்பிலும் சமுதாய மருத்துவத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்றும் கூறிற்று. நம் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். டில்லி நேயர்கள் அறிந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1965 முதல் பல்லப்கட் வட்டாரத்தில் கிராமச் சுகாதாரப் பணியை நடத்தி வருகிறது. 1977 இல், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வளர்ச்சி வட்டாரங்களைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்று மைய அரசு ஒரு பெருந்திட்டம் தீட்டியது. வண்டிகள் வந்தன, நாளடைவில் திட்டம் நலிந்தது. வண்டியில் ஏறிச் சென்று மாலையில் திரும்பிவிடுவோரை எந்த ஊரும் நினைவில் வைப்பதில்லை.

வண்டியில் ஏறாமல், ஊரிலேயே தங்கும் முறையைச் சேவாகிராமத்திலே காணலாம். காந்தியடிகள் 1936 இல் குடியேறிய அவ்வூரில், அவருடைய நூற்றாண்டு விழா நடந்த 1969 இல், டாக்டர் சுசீலா நய்யாரின் முயற்சியால் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கிராமத்தில் அமைந்த கல்லூரி என்பது மட்டும் அதன் சிறப்பன்று. புதிதாகச் சேரும் மாணவர்கள் முதலில் காந்தியடிகளின் ஆசிரமத்தில் சுமார் பதினைந்து நாள்கள் தங்குகின்றனர். துப்புரவு செய்தல், நூல் நூற்றல், கூட்டுப் பிரார்த்தனை ஆகியவற்றில் பழகுகின்றனர். பின்னர் அவ்வாண்டு மாணவர் அணிக்கென ஒரு கிராமம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அணி முழுவதும் இருவாரம் அங்கேயே முகாம் அமைத்துத் தங்கும். ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்கள். முகாம் முடிந்தவுடன் உறவு அறுந்துவிடுவதில்லை. பின்வரும் ஆண்டுகளிலும் அதே மாணவர் அதே வீடுகளுக்கு மாதந்தோறும் சென்று வருகிறார். அவ்வாறு செல்பவர், முதல் மாதம் கருவுற்றிருந்த பெண்ணின் குழந்தை நடை பழகுவதையும் காண்கிறார். பாட்டி தளர்ந்துகொண்டே வருவதையும் காண்கிறார். நோய் என்பது ஒருநாள் நிகழ்ச்சியன்று, ஒரு குடும்பத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் என்பது விரிவுரை கேட்டுப் புரிவதன்று.

சேவாகிராமத்திலும் ஆசிரியர் கல்லூரியின் ஆசிரியர்தாம். ஊராரையே ஆசிரியராக்கிய இடம் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில், அக்காலத்தில் அகமதுநகர் மாவட்டம் என்றும் 2024 முதல் அகில்யாநகர் என்றும் வழங்கும் வறண்ட மாவட்டத்தில், ஜாம்கேட் என்ற ஊர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற டாக்டர் தம்பதியர் 1970 இல் அங்கே பணி தொடங்கினர். ஊர்தோறும் ஒரு பெண்மணியை ஊராரே தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்களுக்கு இருவரும் பயிற்சி அளித்தனர். எழுதப் படிக்க அறியாதவர்கள் பலர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலங்களைச் சேர்ந்தவர்கள் பலர். அவர்கள் பிரசவம் பார்த்தனர். குழந்தைகளின் பேதியையும் சளிக்காய்ச்சலையும் இனங்கண்டு மருந்தளித்தனர். மேல்குலத்தார் வீடுகளிலும் நாளடைவில் நுழைந்தனர். இத்தம்பதியர்க்கு 1979 இல் மகசேசே பரிசு கிடைத்தது. நம் பொருளுக்கு வேண்டுவது அதற்குப் பின் நடந்தது. ஜாம்கேட்டில் பயிற்சி பெற உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் டாக்டர்களும் மாணவர்களும் வந்தபோது, வகுப்பெடுக்க முன்னின்றவர்கள் அந்தக் கிராமத்துப் பெண்களே. நூல் வழியாகத் தாம் அறிந்த ஒன்றை, கையெழுத்துப் போடவே பிற்காலத்தில் கற்றுக்கொண்ட ஒருவர் தம் அனுபவத்தால் விளக்க, பட்டதாரி டாக்டர் தரையில் அமர்ந்து குறிப்பெடுப்பது நம் சமுதாயத்தில் எளிதில் காணக்கூடிய காட்சியா?

குடும்பத்தாரின் திறமையை நம்பாத டாக்டர் எவ்வளவு இழக்கிறார் என்பதை 1971 ஆம் ஆண்டு காட்டிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவிய சமயம். நரம்பின் வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் தாயாரும் உறவினரும் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு இருபது, முப்பது என்று இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கியது. படிக்காதவர் கையில் மருத்துவத்தை ஒப்படைக்கலாமா என்று அதற்கு முன் ஐயுற்றோர் பலர். இன்று உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கலக்கத் தெரியாத தாய்மார் அரியர். மாணவர் வீட்டிற்குச் சென்று கற்க வேண்டியவற்றுள் தலையாயது இந்த நம்பிக்கையே.

இனி, இதன் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் கூற வேண்டும். குற்றம் என்னுடையதுந்தான்.

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் ஆண்டுதோறும் புதிய மாணவர்களை ஒரே ஊருக்கு அனுப்புவோம். ஒரு முறை நானும் உடன் சென்றேன். ஒரு மூதாட்டி திண்ணையில் அமர்ந்து துவரை புடைத்துக்கொண்டிருந்தார். மாணவர் பதிவேட்டைத் திறந்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு, கழிப்பறை உண்டா என்று தொடங்கினார். மூதாட்டி முறத்தைக் கீழே வைத்தார். "போன வருஷம் வந்த பையனும் இதைத்தான் கேட்டான். அதற்கு முந்தைய வருஷம் வந்த பெண்ணும் இதைத்தான் கேட்டாள். மூன்று தடவை சொல்லிவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவென்று பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று என்னை நோக்கிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. கல்லூரிக்குத் திரும்பித் தேடியபோது, சென்ற ஆண்டுப் பதிவேட்டில் அது இருந்தது. நீர் மாசுபட்டது, குடிக்கத் தகாதது என்று ஆய்வுக்கூடத்தார் எழுதியிருந்தனர். மாணவர் அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருந்தார். செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. அந்த இடைப்பட்ட மழைக்காலத்தில் அத்தெருவில் பலருக்குப் பேதி கண்டிருந்தது.

ஊராரைப் பாடப்பொருளாக மட்டும் கருதினால் விளைவது இதுவே. கல்லூரிக்கு 78 மணி நேரம் கணக்கில் ஏறுகிறது. மூன்றே கால் நாள்! அதே நேரம் குடும்பத்தின் கணக்கில் என்னவாக ஏறுகிறது? கூலி வேலையை விட்டு வீட்டில் காத்திருந்த அரைநாள். அயலார் முன்னிலையில் சொல்ல நேர்ந்த காசநோய். இரண்டாம் மகளின் திருமணம் நின்றுபோன கதை. இவற்றையெல்லாம் கொடுத்தவருக்கு ஏதேனும் திரும்பி வந்ததா என்று கேட்கும் பத்தி மாணவரின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாணவருக்கு மதிப்பெண் அளிக்கும்போது அக்குடும்பத்தையும் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் வந்தாரா, கேட்டாரா, சொன்னதைச் செய்தாரா என்று கூறும் தகுதி அவர்களைவிட யாருக்கு உண்டு? கல்வியாளர் சிலர் இதனை ஏற்பதில்லை. நன்கு பேசிச் சிரிக்கும் மாணவருக்கே நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும் என்பர். அந்த அச்சம் முற்றும் தவறன்று. ஆயினும் கேட்காமலே இருப்பதைவிடக் கேட்டுச் சீர்தூக்குவது மேல்.

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியே ஓர் இடர் உண்டு. அது மொழி. மும்பைத் தாராவியில் சயான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நகர்ப்புறச் சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. இத்தகைய இடங்களில் மாணவர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்பார். இளையவர்களுக்கு அது தாய்மொழி போலவே வரும். ஊரிலிருந்து அண்மையில் வந்த பாட்டிக்கு வராது. பள்ளி செல்லும் பேரன் நடுவே நின்று மொழிபெயர்ப்பான். பாட்டி, "உடம்பு சூடு பிடித்துக்கொண்டது" என்பார். பேரன் அதைக் காய்ச்சல் என்பான். பாட்டி கருதியதோ நீர்க்கடுப்பு. "நெஞ்சு கரிக்கிறது" என்பதும் "நெஞ்சை அடைக்கிறது" என்பதும் நமக்கு வெவ்வேறு. முன்னது பெரும்பாலும் இரைப்பையைப் பற்றியது, பின்னது இதயத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். இரண்டையும் பேரன் ஒரே இந்திச் சொல்லால் 'நெஞ்சு வலி' என்று சொல்லி முடித்துவிடுவான். தாயின் மாதவிடாய்த் துன்பத்தையோ மகன் வாயால் சொல்லவே முடியாது. ஆகவே அது சொல்லப்படாமலே போகும்.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. குழந்தைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். இரு மொழியும் அறிந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரை, பெண்கள் செய்தியாயின் ஒரு பெண்மணியை, உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் சொற்களை அப்படியே மாணவரின் ஏட்டில் எழுதச் செய்யுங்கள். வலி, மயக்கம், கிறுகிறுப்பு, இளைப்பு, கடுப்பு என்று ஒரு பத்துச் சொற்களை மாணவருக்குக் கற்றுக் கொடுங்கள். அவர்களுடைய பாடத்திட்டத்திலேயே தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழி கற்பதற்கு இடம் உண்டு. ஆனால் மாநில மொழி ஒன்றையே வட்டார மொழி என்று கல்லூரி எண்ணும். தாராவியின் வட்டார மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை நீங்கள்தாம் அவர்களுக்கு உணர்த்த வேண்டும்.

வேறு சிலவற்றையும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. வருபவர் இன்னும் டாக்டர் அல்லர். பட்டமும் பதிவும் பெறாதவர் தாமாக மருந்து எழுதலாகாது. அவருக்குப் பொறுப்பான ஆசிரியரின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில கேள்விகளுக்கு விடை சொல்ல மறுக்கலாம். திட்டத்திலேயே சேர விருப்பமில்லை என்றும் சொல்லலாம். அதனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்குரிய சிகிச்சை ஒருபோதும் குறைதல் ஆகாது. இரத்தம் எடுத்தால் முடிவை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டில் சொல்லும் மாணவர் வந்தால், அடுத்த வீட்டுச் செய்தி உங்கள் காதில் விழுந்த அன்றே அவருடைய ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். இப்படிச் சொல்வது மாணவரின் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. பதினெட்டு வயதில் திருத்தப்படாத குற்றம் நாற்பது வயதில் ஒரு நோயாளியின் மானத்தை வாங்கும்.

நேயர்களில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இருப்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுவதால், தமிழ்ப் பிள்ளைகள் வடபுலத்துக் கல்லூரிகளிலும், வடபுலத்துப் பிள்ளைகள் மதுரையிலும் தஞ்சாவூரிலும் படிக்கக் காண்கிறோம். உங்கள் மகள் போபாலுக்கு அருகே ஏதோ ஒரு கிராமத்தில், அரைகுறை இந்தியில், யாரோ ஒரு தாயின்முன் நின்று திணறிக்கொண்டிருக்கலாம். அத்தாய் பொறுமையோடு சொல்லைத் திருத்தி, ஒரு குவளை மோரும் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் கிராமப் பயிற்சியை வீண் பொழுதென்று கருதி, அந்த நேரத்தில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும்படி பிள்ளைக்குத் தொலைபேசியில் புத்தி சொல்லும் பெற்றோரையும் நான் அறிவேன். மதிப்பெண் கவலை உண்மையான கவலையே. மேற்படிப்பு இடங்கள் குறைவு, போட்டி கடுமை. எனினும் அந்த நுழைவுத் தேர்வில் பரணில் இருக்கும் தகர டப்பாவைப் பற்றிய கேள்வி வருவதில்லை.

கிணற்று நீரைப் பற்றிக் கேட்ட மூதாட்டியிடம் மறுவாரமே சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஊராட்சியாரோடு பேசிக் கிணற்றில் குளோரின் இட ஏற்பாடு செய்தோம். அதன்பின் எங்கள் துறையில் ஒரு மாற்றம் செய்தோம். மாணவரின் பதிவேடு கல்லூரியில் இருக்கட்டும்; ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வருகையிலும் கண்டதையும் சொன்னதையும் செய்வதாக ஒப்புக்கொண்டதையும் மாணவர் அதில் அவர்களுடைய மொழியிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். தொடக்கத்தில் மாணவர்கள் முணுமுணுத்தனர். சில வீடுகளில் அந்த நோட்டுக் குழந்தைகளின் கணக்குப் புத்தகமாயிற்று. சில வீடுகளில் தொலைந்தே போயிற்று.

மூதாட்டியின் வீட்டில் மட்டும் அது சுவரில் ஓர் ஆணியில், ரேஷன் அட்டை இருந்த பைக்குப் பக்கத்தில், கயிறு கட்டித் தொங்கிற்று. மறு ஆண்டு புதிய மாணவர் ஒருவரோடு அங்கே சென்றேன். அவர் பேனாவை எடுத்து, "வீட்டில் எத்தனை பேர்?" என்று தொடங்கினார். மூதாட்டி எழுந்து போய் நோட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். "முதலில் இதைப் படி, பாபு. இதில் இல்லாததைக் கேள்" என்றார். மாணவர் திண்ணையில் அமர்ந்து முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். மராத்தி எழுத்து அவருக்கு மெல்லத்தான் வந்தது. தடுமாறிய இடங்களில் மூதாட்டியின் பேத்தி எட்டிப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள். அவர் படித்து முடிக்கும்வரை நாங்கள் தேநீர் பருகிக்கொண்டு காத்திருந்தோம்.